இருளில் மலைவழி



தலைநகரில் வாழும் தமிழர்களாகிய நமக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆண்டுக்கொருமுறை ஊர் சென்று வருவதற்காக விடுமுறையைச் சேமித்து வைப்போம். அதில் இரண்டு மூன்று நாட்கள் எஞ்சினால் இமயமலைப் பக்கம் புறப்பட்டுவிடுவோம். வயல்வெளியிலும் கடற்கரையிலும் பிறந்து வளர்ந்த நம்மில் பலருக்கு மலை என்பது கண்டு மகிழ்வதற்குரிய ஒரு காட்சி. அதில் வழி கண்டு நடப்பது ஒரு கல்வி என்பது நம் நினைவுக்கு எளிதில் வருவதில்லை. அக்கல்வியை நாங்கள் கற்க நேர்ந்த கதையையும், கற்றவற்றுள் பயனுள்ள சிலவற்றையும் இன்று கூற விரும்புகிறோம்.

உத்தரகண்ட மாநிலத்தில் சோப்தா என்னும் சிற்றூரிலிருந்து துங்கநாதர் கோயிலுக்குக் கல் பாவிய பாதை ஒன்று செல்கிறது. ஐந்து கேதாரங்களுள் ஒன்றான அக்கோயில் ஏறத்தாழ 3,680 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதற்கும் மேலே, ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில், சந்திரசிலை என்னும் சிகரம். கோயில் வரையில் வழி தவறுவதற்கு இடமில்லை. அதற்கு மேல் கற்பாதை கிடையாது; புல்லும் பாறையுமான சரிவில் முன் சென்றவர்களின் காலடித் தடங்களே வழி.

சில ஆண்டுகளுக்கு முன், ஓர் அக்டோபர் மாதப் பிற்பகலில், அலுவலக நண்பர்கள் ஐவர் அச்சிகரத்தை அடைந்தோம். இறங்கத் தொடங்கிக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை; பள்ளத்தாக்கிலிருந்து மேகம் எழுந்து வந்து எங்களைச் சூழ்ந்தது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. நண்பர் ஒருவரிடம் திசைகாட்டி இருந்தது. ஏறும்பொழுதே கோயில் எத்திசையில் இருக்கிறது என்பதை அவர் விளையாட்டாகக் குறித்து வைத்திருந்தார். இப்பொழுது கருவியை எடுத்துப் பார்த்தோம். கோயிலை நோக்கிச் செல்வதாக எண்ணி, அதற்கு நேர்மாறாக நாங்கள் நடந்துகொண்டிருப்பதை ஊசி காட்டியது. "கருவி கெட்டுவிட்டது, சார்!" என்றார் ஒருவர். ஐவரும் அதை ஒப்புக்கொண்டோம்!

அரை மணி நேரம் நடந்தபின் ஒரு பாறை எதிர்ப்பட்டது. அதன்மேல் ஒரு கைக்குட்டை கிடந்தது. முன்பு இளைப்பாறியபோது எங்களுள் ஒருவர் மறந்து வைத்ததுதான் அது. பொழுதோ சாய்ந்துகொண்டிருந்தது. அப்பொழுது எங்களுள் மூத்தவர், "தம்பிகளா, நாம் எங்கே இருக்கிறோம் என்பது நமக்குத் தெரியாது. அதை ஒப்புக்கொண்டு முதலில் உட்காருவோம்" என்றார். கம்பளிகளைப் போர்த்திக்கொண்டு அமர்ந்தோம். முக்கால் மணி நேரம் கழிந்து மேகம் ஒரு கணம் விலகியது. எங்களுக்கு முன்னால் இருபதடி தொலைவில் புல் முடிந்திருந்தது. அதற்கு அப்பால் நிலமே இல்லை. பிறகு ஊசி காட்டிய திசையில் மெல்ல நடந்து, கோயிலருகே உள்ள விளக்குகளை இருட்டியபின் கண்டோம். எவருக்கும் காயம் இல்லை. ஆயினும் அன்றிரவு எவரும் உறங்கவும் இல்லை.

அறிவுள்ள ஐவர் வட்டமிட்டு நடந்தது எவ்வாறு? ஜெர்மனி நாட்டு ஆராய்ச்சியாளர்கள் இதனைச் சோதித்து 2009-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். காட்டிலும் பாலைவனத்திலும் சிலரை நேராக நடக்கச் சொன்னார்கள். கதிரவனோ நிலவோ தெரிந்தவரையில் அவர்கள் ஏறக்குறைய நேராகவே நடந்தனர். அவை மறைந்ததும், தம்மை அறியாமலே வளைந்து, தாம் கடந்த வழியையே மீண்டும் கடந்தனர். வட்டமிடுகிறோம் என்ற உணர்வே அவர்களுக்கு இல்லை. புறத்தே ஓர் அடையாளம் இல்லாதபொழுது, 'இதுதான் நேர்வழி' என்று உள்ளம் கூறுவதை நம்பலாகாது என்பதே இதன் பாடம்.

ஊர் திரும்பியதும், இதனை முறையாகக் கற்பது என்று முடிவு செய்தோம்.

முதலில் கண்ணைப் பற்றிக் கூறுவோம். வெளிச்சத்திலிருந்து இருளுக்குச் சென்றால் கண் நன்கு பழகுவதற்கு இருபது முதல் முப்பது நிமிடங்கள் வேண்டும். ஒருவர் டார்ச் விளக்கை நம் முகத்தில் ஒரு நொடி அடித்தாலும் அப்பழக்கம் கெட்டுவிடும். ஆகவே, படத்தைப் பார்ப்பதற்கு மங்கலான சிவப்பு ஒளியே நல்லது. இருளில் ஒரு பொருளை நேராக உற்று நோக்காமல் சற்று ஒதுக்கி நோக்கினால் அது நன்கு புலப்படும். மூடுபனியிலோ, நெற்றியில் கட்டிய விளக்கின் ஒளி பனித்துளிகளில் பட்டுத் திரும்பி, வெண்சுவர் போல் எதிரே நிற்கும். விளக்கைக் கழற்றி இடுப்பளவில் தாழப் பிடித்தால் தரை தெரியும்.

அடுத்தது படமும் திசைகாட்டியும். 1802-இல் சென்னைப் பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய பேரளவைப் பணியே வடக்கே வளர்ந்து இமயத்தை எட்டியது. அம்மரபில் வந்த நில அளவைத் துறையின் படங்களில், ஒரு சென்டிமீட்டர் 500 மீட்டரைக் குறிக்கும் அளவு நடப்பவர்களுக்கு ஏற்றது. சம உயரக் கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்து; விலகியிருந்தால் மெல்லிய சரிவு. இருளில் கண்ணுக்குத் தெரியாத மலையைக் காலால் அறியலாம்: ஏறுகிறோமா, இறங்குகிறோமா, சரிவு வலப்புறமா, இடப்புறமா என்பதைப் படத்தோடு ஒப்பிட்டுக்கொண்டே செல்லவேண்டும். திசைகாட்டியை இரும்புப் பொருளுக்கும் கைப்பேசிக்கும் அருகில் வைக்கலாகாது. திசையில் 5 பாகை பிழைத்தால், ஒரு கிலோமீட்டர் நடந்து முடிப்பதற்குள் ஏறத்தாழ 87 மீட்டர் விலகிவிடுவோம்.

மூன்றாவது, தூரமும் காலமும். எங்கள் குடியிருப்புச் சாலையில் 100 மீட்டரை அளந்து குறித்து, இடக்கால் எத்தனை முறை ஊன்றுகிறது என்று ஒவ்வொருவரும் எண்ணினோம். ஒருவருக்கு 62, மற்றொருவருக்கு 68. ஏற்றத்தில் இது கூடும். ஆகையால் அதனையும் தனியே கணக்கிட்டோம். மாலை வேளையில் ஐந்து அதிகாரிகள் வாய்க்குள் எண்ணியபடி முன்னும் பின்னும் நடந்ததைக் கண்டு காவலாளி என்ன நினைத்தாரோ, அறியோம்! காலத்துக்கு, ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் என்பவர் 1892-இல் கூறிய கணக்கு உண்டு: மணிக்கு 5 கிலோமீட்டர் நடை, அதனுடன், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் ஒரு மணி நேரம் கூட்டவேண்டும். சோப்தாவிலிருந்து துங்கநாதருக்கு ஏறத்தாழ 4 கிலோமீட்டர் தூரம், 1,000 மீட்டர் ஏற்றம் எனக் கொண்டால் இரண்டரை மணி நேரம் ஆகிறது. இருளில் இதற்கும் மேலாகும் என்றே கொள்ளவேண்டும்.

நான்காவது, நடக்கும் முறை. நெடுந்தூரத்தைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்துக்கொள்வோம். ஓடை, மலைமுகடு, காட்டின் விளிம்பு ஆகியவை கைப்பிடிச் சுவர் போல் உதவும். அவற்றைப் பற்றியே செல்வோம். குறுக்கே ஓடும் ஒரு பாதையில் உள்ள பாலத்தை அடையவேண்டுமானால், பாலத்துக்கே குறிவைப்பது தவறு. வேண்டுமென்றே சற்று இடப்புறமாகக் குறிவைத்தால், பாதையை அடைந்ததும் வலப்புறம் திரும்பவேண்டும் என்பது ஐயமின்றித் தெரியும். மூடுபனியில் ஒருவரைப் பார்வை எட்டும் எல்லைவரை முன்னே அனுப்பி, ஊசி காட்டும் கோட்டில் அவரை நிறுத்தி, பிறகு மற்றவர்கள் அவரிடம் சென்று சேரவேண்டும். மெதுவான முறைதான், ஆனால் வட்டமிடவைக்காத முறை.

ஓடையைப் பின்பற்றிக் கீழே இறங்கினால் ஊர் வரும் என்று பலர் கூறுவர். இமயத்தில் அது பல இடங்களில் அருவியின் உச்சிக்கும், ஏறவும் இறங்கவும் இயலாத பிளவுக்கும் கொண்டுபோய் விடும். வழி தெரியாதபோது நிற்பதே நன்று. உதவி வேண்டின், நிமிடத்துக்கு ஆறுமுறை விசில் ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஊதவேண்டும். நிமிடத்துக்கு மூன்று ஒலி வந்தால் அது மறுமொழி.

கைப்பேசி இருக்க இவையெல்லாம் எதற்கு என நீங்கள் கேட்கலாம். படத்தை முன்னரே சேமித்து வைத்திருந்தால், தொலைபேசி இணைப்பு இல்லாத இடத்திலும் அது செயற்கைக்கோள் வழியே இடத்தைக் காட்டும்; நல்ல துணைதான். ஆனால் குளிரில் அதன் மின்கலம் விரைவில் தளர்ந்துவிடும். அதனைச் சாட்சியாகக் கொள்ளலாம். ஒரே சாட்சியாகக் கொள்ளலாகாது.

தெரிந்த இடத்தில் பகலில் பழகி, அதே இடத்தில் அந்தியில் பழகி, பின்னரே இரவில் நடந்தோம். மறு ஆண்டு அதே மாதத்தில், உள்ளூர் வழிகாட்டி ஒருவரைத் துணைக்கொண்டு, துங்கநாதரிலிருந்து விடியற்காலை நான்கு மணிக்குப் புறப்பட்டோம். வானம் தெளிவாக இருந்தது. துருவ விண்மீனைத் தேடினோம். கன்னியாகுமரியில் அது அடிவானத்திலிருந்து 8 பாகை உயரத்தில் தாழ்ந்து நிற்கும். சென்னையில் 13 பாகை. இங்கோ 30 பாகை. ஊரைவிட்டு எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்பதை வானமே அளந்து காட்டியது. திரும்புகையில் மேகம் மீண்டும் சூழ்ந்தது. இம்முறை எவரும் கருவியைக் குறை கூறவில்லை. ஒருவர் முன்னே நின்றார். ஒருவர் அடிகளை எண்ணினார். எண்ணிக்கை முடிந்த இடத்துக்குச் சற்று அப்பால் கோயிலின் கற்சுவர் கைக்குத் தட்டுப்பட்டது. வழிகாட்டி சிரித்தார். அவர் அவ்வழியைக் கண்ணை மூடிக்கொண்டே நடப்பவர்.

பத்துப்பாட்டுள் ஒன்றான மலைபடுகடாம் மலைவழியைப் பற்றிய ஓர் ஆற்றுப்படை. அந்நிலத்தை முன்பு அறியாத புதியவர்கள், வழி பிரியும் இடங்களில் பின்வருவோருக்கு அடையாளமாகப் புல்லை முடிந்து வைத்துச் செல்லவேண்டும் என்று அந்நூல் அறிவுரை கூறுகிறது. பிறந்த மண்ணைவிட்டு வந்து பிற நிலங்களில் வாழும் நாமும் புதியவர்களே. மேகத்தில் தெரியாததைத் தெரியாது என ஒப்புக்கொண்டு அமர்ந்த அந்த முக்கால் மணி நேரமே எங்களைக் காத்தது. உங்களுக்காக நாங்கள் முடிந்து வைக்கும் புல் அதுவே.