இது எதுக்குச் சமம்?



மைக்கு கொரகொரங்குது. எலெக்ட்ரீஷியன் கோர்ஸ் நடத்துற சமுதாயக் கல்லூரியில இப்படியான்னு கேக்காதீங்க. மைக்கு நம்மளது இல்ல, வாடகை.

எனக்குக் குடுத்த தலைப்பு 'சமுதாயக் கல்லூரியும் வேலைவாய்ப்பும்'. பேசிரலாம்னுதான் வந்தேன். வர்ற வழியில ஒரு சேதி காதுல விழுந்துச்சு. போன மாசம் இதே ஊர்ல இன்னொரு மேடையில ஒரு பெரிய மனுஷர் சொல்லியிருக்காரு: "அதெல்லாம் ஃபெயிலான பசங்க போற காலேஜு." யாருன்னு நான் சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்லாதீங்க. பின்னாடி சிரிக்கிறவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு.

ஐயா, எட்டாவதுல பையைத் தூக்கிப் போட்டுட்டு ஒரு பொண்ணு மில்லுக்குப் போச்சுன்னா, ஃபெயிலானது அந்தப் பொண்ணா? நீங்களும் நானும்தானே!

இந்த மாதிரிக் கல்லூரி எங்க ஆரம்பிச்சுச்சு தெரியுமா? 1901. அமெரிக்காவுல சிகாகோ பக்கம் ஜோலியட்னு ஒரு ஊரு. அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியரும் சிகாகோ பல்கலைக்கழகத் தலைவரும் சேர்ந்து யோசிச்சாங்க. பள்ளிப் படிப்பு முடிச்ச பிள்ளைங்களை ஏன் வெளியூர் அனுப்பணும், மேல ரெண்டு வருஷப் படிப்பை இங்கேயே குடுப்போம்னு. எத்தனை பேரு சேர்ந்தாங்க தெரியுமா? ஆறு பேரு! ஆறே ஆறு பேரு! இன்னைக்கு அந்த நாட்டுல அந்த மாதிரிக் கல்லூரி ஆயிரத்துக்குக் குறையாது. நம்ம தையல் வகுப்புல மட்டும் இப்ப எத்தனை பேரு? கையைத் தூக்குங்கம்மா... போதும் போதும், எண்ண முடியல. ஜோலியட்டைத் தாண்டிட்டோம்!

நம்ம நாட்டுக்கு லேட்டாத்தான் வந்துச்சு. 1995ல புதுச்சேரிப் பல்கலைக்கழகம் ஆரம்பிச்சது, அடுத்த வருஷம் சென்னையில ஒண்ணு. அப்புறம் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் கை குடுத்துச்சு, 2013ல யுஜிசியே திட்டம் போட்டுச்சு. வருஷக்கணக்கு போதும்.

அமெரிக்காக்காரனுக்கு அது பல்கலைக்கழகத்துக்கு ஏணி. நமக்கு அது சோறு. ஒரு வருஷத்துல ஏசி மெக்கானிக், கேட்டரிங், தையல், நோயாளியைப் பாத்துக்கிற ஹெல்த் அசிஸ்டெண்ட். ஆனா முதல் நாள் ஸ்பானரைத் தொட விட மாட்டாங்க. "நிமிந்து உன் பேரைச் சொல்லு"ம்பாங்க. வாழ்க்கைத் திறன்னு அதுக்குப் பேரு. ஒரு பொண்ணு தன் பேரைச் சத்தமாச் சொல்ல மூணு நாள் ஆச்சு. இன்னைக்கு அது வேலை பாக்குற ஆஸ்பத்திரியில பெரிய டாக்டரையே நிறுத்தி, "சார், கை கழுவிட்டீங்களா?"ங்குது.

ஃபெயிலான பசங்களாம்! மறக்க முடியல, மன்னிச்சிருங்க. ஒரு கதை சொல்றேன். அந்தப் பெரிய மனுஷர் வீட்டுலதான் நடந்துச்சுன்னு நான் சொல்லல. வாசல்ல மஞ்சள் பஸ் வரிசையா நிக்கிற ஒரு வீடுன்னு வச்சுக்குங்க. பஸ் இருக்கு, ஏறத்தான் பிள்ளை இல்ல, அது வேற விஷயம். கத்திரி வெயிலு. ஏசி ஓடல. ரெண்டு பேரு வந்து பாத்துட்டு, "கம்ப்ரசர் போச்சு, புதுசு போடணும்"னுட்டுப் போயிட்டாங்க. மூணாவதா நம்ம பையன் போறான். வெளியே இருக்கிற பெட்டிகிட்ட காதை வச்சுக் கேக்குறான். உம்முனு முனகுது, கிளம்ப மாட்டேங்குது. திறந்து, சில நூறு ரூபாய்ல ஒரு கெப்பாசிட்டரை மாத்தினான். ஜில்லுனு காத்து! வீட்டுக்காரரு கேக்குறாரு, "எங்கடா படிச்சே?" சொன்னான். "ஓ, ஃபெயிலா?"ன்னாரு. பையன் பையைத் தோள்ல மாட்டிக்கிட்டே சொன்னான், "இல்லீங்க சார், கெப்பாசிட்டர்தான் ஃபெயிலு!"

இன்னொரு தடவை சொல்லவா? கெப்பாசிட்டர்தான் ஃபெயிலு! கடைசி வரி அவன் சொன்னதா, நான் சேர்த்ததான்னு யாரும் விசாரிக்கக் கூடாது.

அவனுக்குக் காதை வச்சுக் கேக்கச் சொல்லிக் குடுத்தது யாரு? அந்த மனுஷரும் எட்டாவதோட நின்னவருதான். பேரைச் சொன்னா திட்டுவாரு, சொல்லல.

கல்லூரி நடத்துற நம்ம ஆளுங்களுக்கும் ஒண்ணு, கோவிச்சுக்காதீங்க. ஹெல்த் அசிஸ்டெண்ட் படிப்பை 'நர்ஸ்' படிப்புன்னு சொல்லிப் பிள்ளை சேக்காதீங்க. நர்ஸாப் பதிய முடியாதுங்கறதைச் சேர்ற அன்னைக்கே சொல்லிருங்க.

சீட்டு வந்திருச்சு. 'ஐந்து நிமிடம்'. எழுதினவரு நல்ல மனுஷரு, கையெழுத்துதான் எனக்குப் புரியல.

நம்ம கல்லூரிச் சான்றிதழைத் தூக்கிக்கிட்டு ஒரு பிள்ளை ஒரு ஆபீஸ் கவுண்டருக்குப் போச்சு. திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "இது எதுக்கு ஈக்குவல்?"னு கேட்டிருக்காங்க. பத்தாவதுக்கா, பன்னெண்டாவதுக்கா? அந்தப் பிள்ளைக்குப் பதில் தெரியல. படுத்த படுக்கையாக் கிடக்கிற கிழவியை முதுகுப் புண்ணு வராமத் திருப்பிப் படுக்க வைக்கத் தெரியுது. அது எதுக்கு ஈக்குவல்? நீங்க சொல்லுங்க! பேப்பர் வேணும்னா பேப்பர் குடுங்க, அதுக்கு ஒரு அரசாணை போடுங்க. எத்தனை மேடையில கேக்குறது இதை?

ரெண்டாவது சீட்டு. சரி, முடிச்சுக்குறேன். எனக்குப் போட்ட பொன்னாடை இங்க இருக்கு. காதை வச்சுக் கேக்கச் சொல்லிக் குடுத்த அந்த மெக்கானிக் வாத்தியாரை மேடைக்குக் கூப்பிட்டு விட்டேன், கையில கிரீஸ்னு சொல்லிட்டு வர மாட்டேங்குறாரு. அதோ, தண்ணி டிரம்முக்குப் பின்னாடி நிக்கிறாரு, எனக்குத் தெரியுது. ஐயா, அங்கேயே நில்லுங்க. தம்பி, இந்தப் பக்கம் இறங்கப் படி இருக்கா?