கடலைப் பார்த்துக் கல்லூரி சேர்ந்த கதை

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரை)



மேற்படிப்புக்குக் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று மாணவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று நம் சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். புத்திமதி சொல்ல எனக்கு வராது. ஆகவே ஒரு கதை சொல்கிறேன். என் மகள் கலிபோர்னியாவில் கல்லூரி சேர்ந்த கதை. அவள் ராங்க் பார்க்கவில்லை, வேலை வாய்ப்புப் பார்க்கவில்லை. அலை எங்கே நன்றாக அடிக்கிறது என்று பார்த்துக் கல்லூரி தேடினாள். சிரிக்காதீங்க. நானும் முதலில் சிரித்தேன், அப்புறம் கோபப்பட்டேன், கடைசியில்தான் யோசித்தேன்.

சர்ஃபிங் என்று ஒரு விளையாட்டு இருப்பது உங்களுக்குத் தெரியும். நீளமான பலகையில் படுத்துக் கையால் துழாவி உள்ளே போய், அலை தூக்கும்போது எழுந்து நின்று, அதன் முதுகில் சறுக்கிக்கொண்டு கரைக்கு வருவது. ஹவாய்த் தீவுகளில் பிறந்த கலை. 2021-ல் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக்கிலேயே சேர்த்துவிட்டார்கள். நாங்கள் குடியிருந்த ஃப்ரீமாண்ட்டிலிருந்து மலையைக் கடந்து ஒரு மணி நேரம் காரில் போனால் சான்டா குரூஸ். பள்ளித் தோழிகளோடு அங்கே போய் இதைக் கற்றுக்கொண்டு வந்தாள் என் மகள். சனிக்கிழமை தோறும் வீட்டில் ஈர ரப்பர் உடை தொங்கும், பாத்ரூம் முழுக்க மணல்.

2014 மார்ச்சில் மூன்று இடங்களிலிருந்து அனுமதி வந்தது. சான்டா குரூஸ், சான்டா பார்பரா, சான் டியேகோ. மூன்றும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் கிளைகள். மூன்றும் கடலோரம். கடலே இல்லாத நல்ல கல்லூரி ஒன்றுக்கும் விண்ணப்பம் போடச் சொல்லியிருந்தேன். அம்மணி போடவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்பதை என் வகுப்புத் தோழர்கள் அறிவார்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நான் நாகப்பட்டினம் பக்கத்து மீனவக் குப்பத்துப் பையன். 1977 நவம்பர் புயலில் என் சித்தப்பா கடலுக்குப் போனவர் போனவர்தான். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமியில் எங்கள் வீடும் என் அண்ணன் வீடும் இருந்த இடம் தெரியாமல் போயின. ஆட்கள் பிழைத்தது கடவுள் புண்ணியம். அதற்குப் பிறகு வீட்டில் கடல் என்ற பேச்சு எடுத்தாலே நான் எழுந்து போய்விடுவேன். இப்படிப்பட்டவன் பெற்ற பெண் தினமும் விடிகாலையில் கடலில் இறங்குவதற்காக ஒரு கல்லூரி கேட்கிறாள்!

"அப்பா, ஒரே ஒரு தடவை மூணு இடத்தையும் நேர்ல பாத்துட்டு வரலாம்ப்பா. அப்புறம் நீங்க வேணாம்னா வேணாம்" என்றாள். ஏப்ரலில் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டுக் காரில் கிளம்பினோம். அவள் கையில் ஒரு நோட்டுப் புத்தகம். கட்டம் கட்டமாகக் கோடு போட்டு வைத்திருந்தாள்.

முதலில் சான்டா குரூஸ். 1965-ல் தொடங்கிய கல்லூரி, மலைமேல், வானுயர்ந்த செம்மரக் காட்டுக்குள் இருக்கிறது. கடல் கீழே ஊருக்குள். கலங்கரை விளக்கத்தின் அடியில் ஸ்டீமர் லேன் என்ற பேர்பெற்ற அலைத்துறை. அந்த விளக்கத்துக்குள்ளேயே 1986 முதல் ஒரு சர்ஃபிங் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கேதான் ஒரு சங்கதி தெரிந்துகொண்டேன். கலிபோர்னியாக் கரையில் முதன்முதலாக அலைச்சறுக்கு விளையாடியதாகப் பதிவாகியிருப்பவர்கள் யார் தெரியுமா? வெளியூரில் படிக்க வந்த மூன்று மாணவர்கள்! ஹவாய் அரச குடும்பத்துச் சகோதரர்கள் மூவர் சான் மட்டேயோவில் ஒரு பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார்கள். 1885 கோடையில் சான்டா குரூஸுக்கு வந்தபோது, அந்த ஊர்ச் செம்மரத்திலேயே பலகை அறுக்கச் செய்து, ஆற்று முகத்துவாரத்தில் அலை ஏறினார்கள். வீட்டை விட்டு வந்த பிள்ளைகளுக்கு ஊர் நினைப்பு வந்தால் என்ன செய்வார்கள்? நாம் விடுதியில் மாங்காய் ஊறுகாய் பாட்டிலைத் திறந்தோம், அவர்கள் பலகை செய்தார்கள்.

ஆனால் என் மகளின் நோட்டில் சான்டா குரூஸுக்குச் சில குறைகளும் இருந்தன. குளிர்காலத்தில் தண்ணீர் 11, 12 டிகிரி. கனமான ரப்பர் உடை இல்லாமல் இறங்க முடியாது. மலையிலிருந்து கடலுக்குப் பஸ் உண்டு. "பலகையோட பஸ்ல ஏத்துவாங்களா? பெரிய பலகையை ஹாஸ்டல்ல எங்க வைக்கிறது?" என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். நான் விடுதிச் சாப்பாட்டைப் பற்றி விசாரித்தேன்.

அடுத்து சான்டா பார்பரா. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மேட்டில் கல்லூரி. வகுப்பறை வாசலிலிருந்து நடந்தே போய்க் கடலில் இறங்கலாம். இதைவிட வேறென்ன வேண்டும் என்று நான் கேட்டேன். அதற்கு அவள் தேசப்படத்தை விரித்துக் காட்டினாள். அந்தக் கரை தெற்கு பார்த்தது, எதிரே சேனல் தீவுகள் வரிசையாக நிற்கின்றன. கோடையில் தெற்கிலிருந்து வரும் அலைகளைத் தீவுகள் மறைத்துவிடும், கடல் குளம் மாதிரி கிடக்கும். குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வரும் அலைகள்தான் உள்ளே நுழையும். "ஆனா அப்பா, காலேஜ் செப்டம்பர் கடைசியிலேர்ந்து ஜூன் வரைக்கும்தானே? கோடையில அலை இல்லேன்னா என்ன?" என்றாள். கடல் அருகில் இருப்பது வேறு, அலை இருப்பது வேறு என்று அன்று புரிந்தது. கடற்கரையில் பிறந்த எனக்கு இதைச் சொல்லித்தர ஒரு பதினேழு வயதுப் பெண் வேண்டியிருந்தது.

கடைசியாக சான் டியேகோ. கல்லூரிக்கு மேற்கே சுமார் 300 அடி உயரச் செங்குத்துப் பாறை. அதன் காலடியில் பிளாக்ஸ் பீச் என்கிற கடற்கரை. பக்கத்துக் கரைகளில் இடுப்பளவு அலை அடிக்கும் நாளில் இங்கே ஆளுயரம் அடிக்குமாம். காரணம் கடலுக்கு அடியில் இருக்கிறது. கரைக்கு மிக அருகிலேயே கடலடியில் ஓர் ஆழமான பள்ளத்தாக்கு. ஆழத்தில் அலை வேகமாக ஓடும், மேட்டில் மெதுவாக ஓடும். அதனால் அலை வளைந்து, பள்ளத்தாக்கின் பக்கத்து மேட்டில் வந்து குவிகிறது. மூக்குக் கண்ணாடி வெளிச்சத்தைக் குவிப்பதுபோல. நம் பௌதிக வாத்தியார் ஒளிவிலகல் நடத்தியபோது நான் தூங்கியது நினைவுக்கு வந்தது.

அங்கேயே 1903-ல் தொடங்கிய ஸ்கிரிப்ஸ் கடலியல் நிலையம் இருக்கிறது. அதில் வால்டர் மங்க் என்று ஒரு பேராசிரியர். இரண்டாம் உலகப் போரில் ஹரால்ட் ஸ்வெர்ட்ரப் என்பவரோடு சேர்ந்து, அலை எப்போது எவ்வளவு உயரம் வரும் என்று முன்கூட்டிக் கணிக்கும் முறையைக் கண்டுபிடித்தார். 1944-ல் நார்மண்டியில் படைகளை இறக்க அந்தக் கணக்குத்தான் உதவியது. பிறகு 1963-ல், அண்டார்டிகா பக்கத்துப் புயலில் பிறந்த அலைகள் பத்தாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்து அலாஸ்கா வரை போய்ச் சேர்வதை, நியூசிலாந்திலிருந்து வழி நெடுகக் கருவி வைத்து அளந்து காட்டினார். 2019-ல் தமது 101-ஆம் வயதில் மறைந்தார். இன்று காலையில் எழுந்ததும் கைப்பேசியில் அலை நிலவரம் பார்க்கிற ஒவ்வொரு பிள்ளையும் அந்த மனிதருக்குக் கடன்பட்டிருக்கிறது.

அன்று சாயங்காலம் பாறை விளிம்பில் உட்கார்ந்திருந்தோம். நான் கேட்டேன், "இவ்வளவு அக்கறையா அலையைப் பத்தி எழுதி வச்சிருக்கியே, படிப்பைப் பத்தி ஏதாவது எழுதியிருக்கியா?" அவள் பதில் சொல்லவில்லை. திருப்பிக் கேட்டாள்: "நீங்க காலேஜ் சேர்றப்ப என்ன பாத்து சேர்ந்தீங்க?"

அன்பர்களே, நான் பொய் சொல்லியிருக்கலாம். இந்தக் கல்லூரியின் பெருமை, நூலகம், ஆசிரியர்கள் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் உண்மை வேறு. 1981-ல் என் அப்பா என்னை உட்கார வைத்துச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "கடல் கண்ணுல படாத ஊரா பாத்து சேருடா." ஆகவேதான் இங்கே வந்தேன். நம் கல்லூரி மொட்டை மாடியில் ஏறி நின்றாலும் வயல்தான் தெரியும். அதுதான் எங்கள் அப்பாவுக்கு வேண்டியிருந்தது. அதாவது நானும் கடலைப் பார்த்துத்தான் கல்லூரி சேர்ந்திருக்கிறேன். எவ்வளவு பக்கம் என்று அவள் பார்த்தாள், எவ்வளவு தூரம் என்று நாங்கள் பார்த்தோம். அவ்வளவுதான் வித்தியாசம். என் அப்பா பயத்தில் தேர்ந்தெடுத்தார், அது தவறில்லை. அந்தப் பயத்தை என் பெண் தலையிலும் கட்ட வேண்டுமா என்பதுதான் கேள்வி.

இதைச் சொன்னதும் அவள் நோட்டில் புதிதாக ஒரு கட்டம் போட்டாள். 'அலையே இல்லாவிட்டாலும் இந்தக் காலேஜ் பிடிக்குமா?' என்று தலைப்பு. இரண்டு நாள் பாடத்திட்டத்தையும் ஆய்வுக்கூடங்களையும் பார்த்துவிட்டு அதை நிரப்பினாள். கட்டடங்களின் உறுதியைப் பற்றிய பொறியியல் அவளுக்குப் பிடித்திருந்தது, அதற்கென்றே தனித்துறை சான் டியேகோவில் இருந்தது. அங்கேயே சேர்ந்தாள்.

கதை இதோடு முடிந்தால் நன்றாக இருக்கும். முடியவில்லை. அந்தக் கல்லூரியில் பருவம் என்பது பத்தே வாரம். 2015 ஜனவரியில் பெரிய அலைகள் வந்தன. பெண் வகுப்புக்குப் போகவில்லை. நம் ஊரில் ஒரு வாரம் மட்டம் போட்டால் சமாளித்துவிடலாம், பத்து வாரத்தில் அது பத்தில் ஒரு பங்கு. கணக்கில் ஃபெயில். அவளே போன் பண்ணி அழுதாள். "சொன்னேனா இல்லையா" என்று கத்த வாய் வரை வந்தது. மூன்றாண்டு அரியர் எழுதியவன் நான் என்பது நல்லவேளையாக ஞாபகம் வந்தது. "கடல் எங்கயும் போயிடாதும்மா. பாடத்தை முடி" என்று மட்டும் சொன்னேன். நான்கு வருடப் படிப்பு நாலேகால் வருடமானது. அந்தக் கால் வருடச் செலவு யார் கைக்காசு என்று கேட்காதீர்கள்.

அதற்கப்புறம் அவள் ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டாள். வகுப்பெல்லாம் காலை பத்து மணிக்கு மேல். விடியலில் கடல். காரணம், இரவில் குளிர்ந்த நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் மெல்லிய காற்றில் அலை கண்ணாடி மாதிரி இருக்கும், மதியம் கடற்காற்று எழுந்தால் கலைந்துவிடும். இதை அவள் போனில் விளக்கியபோது எனக்கு நெஞ்சை என்னவோ செய்தது. என் அப்பா கட்டுமரத்தில் பாய் கட்டி விடியுமுன் கரைக்காற்றில் உள்ளே போய், மதியம் கடற்காற்றில் திரும்பி வந்ததும் இதே கணக்கில்தான். தாத்தாவும் பேத்தியும் ஒரே காற்றைப் பார்த்து எழுந்திருக்கிறார்கள். நடுவில் நான் ஒருவன்தான் தூங்கியவன்.

மாணவர்களே, உங்களில் யாராவது கடலோரக் கல்லூரிக்குப் போவதாக இருந்தால், என் மகள் நோட்டிலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன். கல்லூரி நடக்கும் மாதங்களில் அங்கே அலை உண்டா என்று பாருங்கள். கற்றுக்கொள்பவருக்கு ஏற்ற சிறிய அலைத்துறை பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பிளாக்ஸ் பீச் மாதிரி இடம் பழகியவர்களுக்குத்தான். பலகை வைக்க இடமும் போய்வர வழியும் கேளுங்கள். மழை பெய்தால் ஊர்ச் சாக்கடையெல்லாம் கடலுக்குத்தான் வரும், சான் டியேகோவில் மழைக்குப் பிறகு மூன்று நாள் தண்ணீரில் இறங்க வேண்டாம் என்கிறார்கள். தனியாக இறங்காதீர்கள். நீரோட்டம் உள்ளே இழுத்தால் எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அதிலிருந்து வெளியே வாருங்கள்.

இதற்காக அமெரிக்கா போக வேண்டும் என்றும் இல்லை. கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் மீனவப் பிள்ளைகளே இன்று சர்ஃபிங் சொல்லித் தருகிறார்கள். 2025 ஆகஸ்டில் ஆசியச் சாம்பியன் போட்டியே மாமல்லபுரத்தில் நடந்தது, அதில் இந்திய வீரர் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார்.

உங்களில் பலருக்குக் கடல் பிடிக்காது, கிரிக்கெட் பிடிக்கும், பாட்டு பிடிக்கும், நாடகம் பிடிக்கும். எதுவானாலும் வெட்கப்படாமல் அதையும் ஒரு கட்டமாகப் போட்டு எழுதுங்கள். பக்கத்திலேயே அந்த இன்னொரு கட்டத்தையும் போடுங்கள். அது இல்லாத நாளிலும் அந்த வகுப்பறையில் உட்கார மனம் வருமா என்று.

என் மகள் இப்போது கடலிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். சனிக்கிழமைதான் அலை. 2019-ல் ஊருக்கு வந்தபோது வாடகைக்கு ஒரு பலகை எடுத்துக்கொண்டு குப்பத்துக் கரையில் இறங்கினாள். நான் கரையில் நின்றேன். பதினைந்து வருடத்துக்குப் பிறகு அன்றுதான் கணுக்கால் வரை நனைந்தேன். என் அம்மா பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஏண்டி, இதுல மீனை எங்க வைப்ப?" என்று கேட்டார். "மீன் பிடிக்கப் போகல அப்பாயி, சும்மா" என்றாள் இவள். "சும்மா கடலுக்குப் போறதுக்கா இம்புட்டுச் செலவு பண்ணிப் படிக்க வச்சான்?" என்று என்னைப் பார்த்தார் அம்மா. அந்தக் கேள்விக்கு இன்னும் என்னிடம் சரியான பதில் இல்லை. முதல்வர் ஐயாவுக்குத் தெரிந்தால் சொல்லட்டும்.