சங்கின் ஓசை



கீழக்கரைக் கடலோரத்தில் ஒரு சிறுவனுக்குச் சங்கு கிடைத்தால், அவன் அதனைக் காதில் வைத்துக் கேட்பான். அதே சங்கு பெரியவர் ஒருவரின் கைக்கு வந்தால், அவர் எடையைப் பார்ப்பார்; விலையை எண்ணுவார். அதில் குற்றமில்லை. சங்கு குளித்தும் முத்துக் குளித்தும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஊர் கீழக்கரை. இக்கடலில் எடுத்த சங்குகள் வங்காளம் சென்று மணமான பெண்களின் கைவளைகளாயின. விலை அறியாதவன் வாணிகம் செய்ய இயலாது. ஆயினும், விலை ஒன்றையே அறிந்தவன் ஓர் இன்பத்தை இழந்துவிடுகிறான்.

அறிவு வளர்ந்தால் வியப்புக் குறையும் என்று பலர் எண்ணுகின்றனர். அது உண்மையன்று. சங்கினுள் கேட்பது கடலின் ஓசை என்று குழந்தை நம்புகிறது. நம்மைச் சூழ்ந்த சிறு ஒலிகள் சங்கின் உட்குழிவில் புகுந்து, அவற்றுட் சில ஒத்ததிர்ந்து பெருகுவதே அவ்வோசை என்று அறிவியல் கூறுகிறது. வெறும் குவளையைக் காதருகே பிடித்தாலும் அது கேட்கும். ஒலியே புகாத அறையில் சங்கும் ஊமையாகிவிடும். இதனை அறிந்தபின் சங்கு நமக்கு வெறும் ஓடாகிவிடுமா? குழந்தைக்கு ஒரு வியப்பு. அறிந்தவனுக்கோ இரண்டு வியப்பு!

வளர்ந்தவனுக்கு விளையாட்டு எதற்கு என்று கேட்போரும் உண்டு. அவர்களுக்கு ஜேம்ஸ் ஹார்னெல் என்பாரின் வாழ்க்கையே விடை. 1865-இல் பிறந்த இவர், சென்னை மாகாண மீன்துறை இயக்குநராக இருந்தவர். நமது சங்கின் குளிப்பு, வாணிகம், வளையல் தொழில் அனைத்தையும் ஆராய்ந்து 1914-இல் ஆங்கிலத்தில் விரிவாக எழுதியவர். சங்கின் விலையை இவரைப்போல் அறிந்தவர் அரியர். பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், 1924-இல் ஓர் ஆராய்ச்சிக் கப்பலில் பசிபிக் தீவுகளுக்குச் சென்றார். அங்கே இவரைக் கவர்ந்தவற்றுள் ஒன்று யாது? விரல்களில் கயிற்றை மாட்டி உருவங்கள் அமைக்கும் விளையாட்டு! நம் வீட்டுத் திண்ணைகளில் சிறுமியர் ஆடுவதும் அதுவே. எந்த விரல் எந்த இழையை எடுக்கிறது, எதனை நழுவ விடுகிறது என்று நுணுகிப் பார்த்தாலன்றி அதனை எழுத இயலாது. அறுபதை ஒட்டிய வயதில் அவர் அதனைச் செய்தார். 1927-இல் அது புத்தகமாக வெளிவந்தது.

இளைஞர்களே! “இது தேர்வில் வருமா?” என்று நீங்கள் கேட்கும் கேள்வியும் ஒருவகையில் விலை கேட்பதே. தேர்வு வேண்டும், அதற்கு உழைக்கவும் வேண்டும். ஆனால் எல்லாவற்றையும் அக்கேள்வியாலேயே அளந்து பழகினால், நாற்பது வயதில் கையில் பொருள் இருக்கும். மனத்தில் மகிழ்ச்சி இராது. முதுமை வந்து அதனைப் பறிப்பதில்லை, பழக்கமே பறிக்கிறது. பழக்கத்தால் இழந்ததைப் பழக்கத்தாலேயே மீட்கலாம்.

நாள்தோறும் பத்து நிமிடம் போதும். அலை பின்வாங்கும்போது நண்டு மணலைத் தோண்டுவதைப் பாருங்கள். தங்கையிடம் ஒரு கயிற்று உருவத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். அதற்கு மதிப்பெண் இல்லை. இல்லாதிருப்பதே அதன் சிறப்பு.