வசவு வாங்கும் வருங்கால டாக்டர்கள்

(சங்கக் கிளையின் குடும்ப சங்கமத்தில் ஆற்றிய உரை)

நான் டாக்டர் இல்லை. பி.எஸ்ஸி. பௌதிகம் படித்துவிட்டு 33 வருஷம் மத்திய சர்க்காரில் ஃபைல் பார்த்தவன். இந்த விஷயத்தைப் பேச எனக்கு என்ன யோக்யதை என்று முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் டாக்டர்கள் கேட்கலாம். எம்.டி., எம்.எஸ். படிக்கிற குழந்தைகள் ராத்திரி 11 மணிக்குப் போன் செய்து அழும்போது, அந்தப் பக்கம் போனை எடுக்கிறவர்கள் டாக்டர்கள் அல்ல, என்னைப் போன்ற வீட்டுப் பெரியவர்கள்தான். அந்த ஒரு யோக்யதை போதும் என்று நினைக்கிறேன்.

முதுநிலைப் படிப்பில் சேர்ந்தவுடன் முதல் வருஷ ரெசிடென்ட். அவருக்கு மேலே இரண்டாம் வருஷம், மூன்றாம் வருஷம், சீனியர் ரெசிடென்ட், உதவிப் பேராசிரியர் என்று துறைத் தலைவர் வரை ஏணி போகிறது. மேல்படியில் கிளம்புகிற கோபம் ஒவ்வொரு படியாக இறங்கி, கடைசியில் முதல் வருஷத்தவர் தலையில் விழும். லேபிலிருந்து ரிப்போர்ட் வரவில்லையா, அவர்தான் காரணம். எக்ஸ்ரே காணோமா, அதற்கும் அவர்தான். தீசிஸில் கையெழுத்துப் போட வேண்டியவரும் அதே ஏணியில் நிற்பதால் வாயைத் திறக்க முடியாது.

இந்த ரெசிடென்ட் முறைக்கு வித்திட்டவர்களில் முக்கியமானவர் வில்லியம் ஹால்ஸ்டெட். அமெரிக்காவில் 1889-இல் திறந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியின் சர்ஜன். பயிற்சி டாக்டர்கள் ஆஸ்பத்திரியிலேயே வசித்து, இரவு பகல் பாராமல் உழைக்க வேண்டும் என்று வைத்தவர். அவரே முதலில் கொகெய்னுக்கும் பிறகு மார்ஃபினுக்கும் அடிமையாக இருந்தவர். "நாங்கள் எல்லாம் தூங்காமல்தான் படித்தோம்" என்று பெருமைப்படுகிற பேராசிரியர்கள் இந்தச் சரித்திரத்தைச் சேர்த்துச் சொல்வதில்லை.

நம் நாட்டில் உத்தரவுக்குக் குறைவில்லை. ரெசிடென்ட் டாக்டருக்குத் தொடர்ச்சியான டியூட்டி சாதாரணமாக 12 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது, வாரத்துக்கு 48 மணி என்று மத்திய அரசு 1992-லேயே சொல்லிவிட்டது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023-ஆம் வருஷத்து முதுநிலை விதிகளோ 'நியாயமான நேரம்' என்கின்றன. எண்ணைப் போட மனசில்லாத இடத்தில் நாங்கள் வரைவில் போடுகிற வார்த்தை அது! 2024-இல் அதே ஆணையம் அமைத்த பணிக்குழு, வாரத்துக்கு 74 மணிக்கு மேல் வேண்டாம், ஒரு நாள் விடுமுறை கொடுங்கள் என்று சிபாரிசு செய்தது. 48 எப்படி 74 ஆயிற்று என்று கேட்டால், 74 வந்தாலே பாக்கியம் என்கிறார்கள் குழந்தைகள்.

என் அண்ணாவின் பேத்தி வடக்கே ஓர் ஊரில் சர்ஜரி படிக்கிறாள். ஊர், ஆஸ்பத்திரி பெயரெல்லாம் வேண்டாம். முதல் வருஷம் அவள் சொன்னது இது: "சின்னத் தாத்தா, திட்டு வாங்கறது பழகிப் போச்சு. ஆனா நான் சந்தேகம் கேக்கறதையே நிறுத்திட்டேன். அதான் எனக்குப் பயமா இருக்கு."

இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். 2015-இல் 'பீடியாட்ரிக்ஸ்' மருத்துவ ஏட்டில் இஸ்ரேலில் செய்த ஓர் ஆய்வு வந்தது. குறைமாதக் குழந்தைகளைப் பார்க்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுகளிலிருந்து 24 குழுக்களை எடுத்து, உடம்பு மோசமாகும் ஒரு குழந்தையின் கேஸை ஒத்திகை போலக் கொடுத்தார்கள். சில குழுக்களிடம் மட்டும் வெளிநாட்டு நிபுணர் ஒருவர் கொஞ்சம் ஏளனமாகப் பேசினார். பெரிய வசவு ஒன்றும் இல்லை, அவர்கள் அன்று செய்த வேலையைப் பற்றியதுகூட இல்லை. அதற்கே அந்தக் குழுக்கள் நோயைக் கண்டுபிடிப்பதிலும் கைவேலையிலும் பின்தங்கின. ஒருவருக்கொருவர் தகவல் சொல்வதும் உதவி கேட்பதும் குறைந்ததே காரணம் என்று கண்டார்கள். ஆக, ஜூனியரின் மனசு புண்படுகிறது என்பதோடு விஷயம் நிற்கவில்லை. படுக்கையில் இருக்கும் நோயாளி, நாளைக்கு நீங்களும் நானும், அந்தத் திட்டின் பலனை அனுபவிக்கிறோம்.

அதனால் அவளிடம் சொன்னேன்: எது போனாலும் கேட்கிற பழக்கம் போகக்கூடாது. ராத்திரி 2 மணிக்கு ஒரு நோயாளிக்குப் பொட்டாசியம் 6.5 என்று ரிப்போர்ட் வருகிறது. இருதயம் நின்றுபோகக்கூடிய விஷயம். போன் செய்தால் ஏன் எழுப்பினாய் என்பார்கள், செய்யாவிட்டால் காலையில் ரவுண்ட்ஸில் மானம் போகும். போன் செய்துதான் ஆக வேண்டும். ஆனால் தயார் செய்துகொண்டு பேச வேண்டும். இப்போது என்ன பிரச்சினை, நோயாளியின் பின்னணி என்ன, நீ என்ன நினைக்கிறாய், அவர் என்ன செய்ய வேண்டும் என்று நாலே வாக்கியம். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து ஆஸ்பத்திரிகளுக்கு வந்த வழக்கம் இது, எஸ்.பி.ஏ.ஆர். என்பார்கள். பேசிய நேரத்தையும் கிடைத்த பதிலையும் கேஸ் ஷீட்டில் எழுதிவிடு. எழுதினதுதான் நிற்கும் என்பது சர்க்காரில் நான் கற்ற ஒரே வேதாந்தம்.

வசவிலும் தினுசு உண்டு. "டிரெய்னை ஏன் பார்க்கவில்லை?" என்று கத்தினால், சத்தத்தைத் தள்ளிவிட்டு விஷயத்தை எடுத்துக்கொள்ளலாம். "மாடு மேய்க்கப் போ" என்பதில் எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை. ஜாதி, ஊர், பாஷை, பெண் என்பது, கையை ஓங்குவது இவையெல்லாம் வேறு கணக்கு. தேதி, நேரம், யார் கூட இருந்தார்கள் என்று அன்றன்றே எழுதி வைக்க வேண்டும். ராகிங் தடுப்பு விதிகள் முதுநிலை மாணவர்களுக்கும் உண்டு. கல்லூரியில் கமிட்டி இருக்கிறது, 1800-180-5522 என்ற தேசிய எண்ணும் இருக்கிறது. 2019-இல் மும்பையில் பாயல் தட்வி என்ற பழங்குடி வகுப்பைச் சேர்ந்த முதுநிலை மாணவி உயிரை விட்டார். ஜாதியைச் சொல்லி இழிவுபடுத்தியதாகச் சீனியர் மாணவிகள் மூவர் மீது வழக்குப் போடப்பட்டது. நம் வீட்டுக் குழந்தைகளும் இரண்டு வருஷத்தில் சீனியர்கள் ஆகிறவர்கள்தானே! தாங்கள் வாங்கியதை வட்டியோடு கீழே இறக்கக்கூடாது என்று அவர்களிடம் யார் சொல்வது?

போனில் குழந்தை அழுதால் நம்மில் பலர் உடனே "பல்லைக் கடிச்சிண்டு மூணு வருஷம் இருந்துடு, பாண்டு பணம் யார் கட்டறது?" என்கிறோம். பணம் பெரிய பாரம்தான், மறுக்கவில்லை. சீட்டை விட்டால் அபராதம் என்கிற இந்த பாண்டையே எடுத்துவிடுங்கள் என்று ஆணையம் 2024-இல் மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. உங்கள் மாநில விதி இன்று என்ன என்று விசாரியுங்கள், ஆனால் அந்தப் பேச்சை அழுகிற நேரத்தில் எடுக்காதீர்கள். முதலில் கேளுங்கள்: சாப்பிட்டாயா, கடைசியாக எப்போது தூங்கினாய்? உயிரோடு இருப்பதே பாரமாக இருக்கிறது என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தால் விவாதம் வேண்டாம், அடுத்த ரயிலைப் பிடியுங்கள். போய்ச் சேரும் வரை யாராவது கூட இருக்க ஏற்பாடு செய்யுங்கள். 2022 முதல் டெலி மானஸ் என்ற சர்க்கார் சேவை இருக்கிறது, 14416. இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம்.

முன்வரிசை டாக்டர்களிடம் ஒரு வேண்டுகோள். வெளியூரில் தனியாக இருக்கும் குழந்தைக்கு, தன் துறையைச் சேராத, தன் தீசிஸில் கையெழுத்துப் போடாத ஒரு மூத்த டாக்டர் போனில் கிடைத்தால் எவ்வளவோ தைரியம். கிளைச் செயலாளர் வாசலில் நோட்டுப் புத்தகத்தோடு நிற்கிறார். உங்கள் பெயர், நம்பர், எந்த நேரத்தில் கூப்பிடலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு இலைக்கு வாருங்கள். பாயசம் ஆறிவிடாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.