கடவுள் உண்டா எனும் வாதம் பயனுடையதா?

 

கடவுள் உண்டா, இல்லையா என்று வாதிடுவதால் பயன் உண்டா? ஜொகூரில் சமய வகுப்புக்கு வரும் பிள்ளை இவ்வினாவை எழுப்பினால், “சாமி கண்ணைக் குத்தும்” என்று வாயடைத்துவிடுவோர் உளர். அவ்வாறு அடக்குவது சைவ மரபுக்கு ஒத்ததா என எண்ணிப் பார்த்தல் இத்திருவிழா வேளைக்குப் பொருத்தமாகும்.

மணிமேகலைக் காப்பியத்தில், வஞ்சி மாநகரில் சமயவாதியர் பலரிடமும் அவரவர் கொள்கையை மணிமேகலை கேட்டறிகிறாள். அவர்களுள் கடவுளை ஏற்காத பூதவாதியும் ஒருவன். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதம், இறைவன் உளன் என்பதை முதல் நூற்பாவிலேயே காரணங்காட்டி நிறுவுகிறது. அவர்தம் மாணவர் அருணந்தி சிவாசாரியார், சிவஞானசித்தியாரின் பரபக்கத்தில் 14 புறக்கொள்கைகளை எடுத்துரைத்து மறுக்கிறார். அவற்றுள் முதலில் நிற்பது, கண்ணால் காண்பதே மெய் எனும் உலகாயதம். எதிராளியின் கூற்றை முதலில் விளங்க உரைத்து, அதன் பின்னரே மறுப்பது அந்நூலின் நெறி.

அருணந்தியார் சீடரான வரலாறும் கருதத்தக்கது. கல்விச் செருக்குடன் வந்து, ஆணவத்தின் வடிவம் யாது என்று அவர் வினவினார். இளம் மெய்கண்டார், அவர் நின்ற நிலையையே விடையாகக் காட்டினார் என்பது மரபு. வெல்லும் நோக்கத்தோடு தொடங்கும் வாதம், ஆத்திகர் தொடுப்பினும் நாத்திகர் தொடுப்பினும், ஆணவத்தையே வளர்க்கும். அதனாற் பயனில்லை.

மலாயாத் தமிழரிடையே இவ்வாதம் ஏட்டளவில் நிற்கவில்லை. 1929 டிசம்பரில் பெரியார் ஈ.வெ.ராமசாமி பினாங்கில் வந்திறங்கினார். அவரை வரவேற்றோரும் இருந்தனர், எதிர்த்தோரும் இருந்தனர். 1932இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. கடவுள் மறுப்பாளராகவே அறியப்படும் பெரியார், முன்னர் ஈரோட்டில் தேவஸ்தானக் குழுத் தலைவராகப் பணியாற்றியவர். 1924இல் வைக்கத்தில், மகாதேவர் ஆலயத்தைச் சூழ்ந்த வீதிகளில் ஒடுக்கப்பட்டோர் நடக்கும் உரிமைக்காகச் சிறை சென்றவர். 1939 ஜூலை 8ஆம் நாள், ஆலயத்தினின்று விலக்கப்பட்டிருந்த மக்களை மதுரை மீனாட்சியம்மன் சந்நிதிக்குள் அழைத்துச் சென்ற அ.வைத்தியநாத ஐயரோ ஆழ்ந்த பக்தர். கடவுள் உண்டா எனும் வினாவில் இவ்விருவரும் இரு துருவங்கள். கதவு திறக்க வேண்டும் என்பதில் ஒருவர்க்கொருவர் துணை.

இங்கே வாதத்தின் உண்மைப் பயன் புலப்படுகிறது. தர்க்கத்தால் மட்டும் இறையனுபவம் வாய்ப்பதில்லை. தர்க்கத்தால் மட்டும் அது அழிவதுமில்லை. ஆயினும், “இறைவன் எல்லார்க்கும் பொதுவெனில், ஒருவனுக்கு மட்டும் வாயில் அடைபடுவதேன்?” என்ற கேள்வி ஆலயங்களைத் தூய்மைப்படுத்தியது. அக்கேள்வியைக் கேட்டவர் நாத்திகர் என்பதால் அதன் நியாயம் குறைந்துவிடவில்லை.

1970இல் அறிவிக்கப்பெற்ற ருக்குன் நெகாராவின் முதற்கோட்பாடு இறை நம்பிக்கை. பள்ளிச் சபைகூடலில் பிள்ளைகள் அதனை உரைக்கின்றனர். நாவில் உள்ள நம்பிக்கை நெஞ்சில் வேரூன்ற வேண்டுமாயின், ஐயங்கள் அச்சமின்றி வெளிப்படவேண்டும். சமய வகுப்பில் தேவாரம் பயிலும் நேரத்தோடு, வினா எழுப்பவும் சிறிது நேரம் ஒதுக்கலாம். பிற சமயத்தாரைப் புண்படுத்தும் வாதம் மட்டும் வேண்டா.

ஐயுற்றுக் கேட்கும் பிள்ளை ஆலயத்தை விட்டு விலகியவன் அல்லன், வாயிலில் நிற்பவன். அவனை உள்ளே அழைத்து, அமரச்செய்து, விடை கூறுதல் பெரியோர் கடன். திருவருள் துணை நிற்பதாக.