உரியவரிடம் ஒப்படைத்தல்: போஸ்னியா தரும் படிப்பினை

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

ஏக இறைவனின் திருப்பெயரால் துவங்குகிறோம்.

 

ஆண்டறிக்கையும் வரவு செலவுக் கணக்கும் வாசிக்கப்பட்ட பின்னர், பயனுள்ள ஒரு பொருள் குறித்துச் சிறிது நேரம் சிந்திப்பது நம் கூட்டத்தின் வழக்கம். இவ்வாண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருள், போரினால் சிதைந்த ஒரு நாடு மீண்டும் எழுந்து நிற்க முயன்ற வரலாறு. ஐரோப்பாவின் தென்கிழக்கில் உள்ள போஸ்னியா ஹெர்செகோவினாவே அந்நாடு. அது நமக்குத் தொலைவில் உள்ள நாடுதான். ஆயினும் அங்குள்ள முஸ்லிம்கள் தாங்கள் வாழும் பகுதியை 'மஹலா' என்கிறார்கள். பள்ளிவாசலைச் சார்ந்த மக்களை 'ஜெமாத்' என்கிறார்கள். அறச் சொத்தை 'வகுஃப்' என்கிறார்கள். நாம் நாள்தோறும் புழங்கும் சொற்களையே புழங்கும் மக்களின் கதை என்பதால், அது நம் உள்ளத்திற்கு அருகில் வந்து நிற்கிறது.

போர் எவ்வாறு வந்தது?

போஸ்னியா, யூகோஸ்லாவியக் கூட்டாட்சியின் ஆறு குடியரசுகளுள் ஒன்றாக இருந்தது. 1991 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அதன் மக்கள் தொகை ஏறத்தாழ 44 இலட்சம். அவர்களுள் முஸ்லிம்கள் 43 விழுக்காட்டிற்குச் சற்று அதிகம். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களான செர்பியர்கள் 31 விழுக்காடு. கத்தோலிக்கர்களான குரோவேஷியர்கள் 17 விழுக்காடு. மூவரும் பேசியது ஏறக்குறைய ஒரே மொழி. தலைநகர் சரயேவோவின் பழைய கடைவீதியையொட்டிப் பள்ளிவாசலும், இருவகைத் தேவாலயங்களும், யூதர்களின் ஆலயமும் நடந்து செல்லும் தொலைவிலேயே நின்றன. அண்டை வீட்டாருடன் கொள்ளும் உறவைக் குறிக்க 'கோம்ஷிலுக்' என்று அவர்களிடம் தனிச்சொல்லே உண்டு.

அத்தகைய மக்கள் பிரிந்தது ஏன்? பல நூற்றாண்டுப் பகை என்று சொல்லிவிடுவது எளிது; அது முழு உண்மையன்று. 1980 இல் அதிபர் டிட்டோ மறைந்தார். வெளிநாட்டுக் கடன் கழுத்தை நெரித்தது. விலைவாசி கட்டுக்கடங்காமல் ஏறியது. மக்களின் அச்சத்தை இனவெறியாக மாற்றி அதன் மேல் ஆட்சிபீடம் அமைக்க முனைந்த தலைவர்கள் எழுந்தனர். தொலைக்காட்சியும் செய்தித்தாள்களும் அதற்குத் துணைபோயின. 1992 மார்ச் மாதத்தில் பொது வாக்கெடுப்பின் வழியே போஸ்னியா விடுதலையைத் தேர்ந்தது. ஏப்ரலில் போர் மூண்டது. இதனை உள்நாட்டுப் போர் என்பாரும் உண்டு. அண்டை நாடுகளின் ஆக்கிரமிப்பு என்பாரும் உண்டு. இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன என்பதே உண்மை.

சரயேவோ நகரம் 1,425 நாட்கள் முற்றுகையிடப்பட்டது. 11,000க்கும் மேற்பட்டோர் அங்கே மாண்டனர். 1995 ஜூலையில், ஐக்கிய நாடுகள் சபை பாதுகாப்புப் பகுதியாக அறிவித்திருந்த ஸ்ரெப்ரெனிட்சாவில் 8,000க்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டனர். அது இனப்படுகொலை என்று பன்னாட்டு நீதிமன்றங்கள் தீர்ப்பளித்துள்ளன. போர் முழுவதிலும் மாண்டோர் ஏறத்தாழ ஒரு இலட்சம். வீடிழந்தோர் இருபது இலட்சத்திற்கும் அதிகம். அதாவது, நாட்டு மக்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் தம் வீட்டில் இல்லை.

பாதிக்கப்பட்டோரில் பெரும்பான்மையினர் முஸ்லிம்களே. ஆயினும் நியாயமாகப் பேச வேண்டிய கடமை நமக்கு உண்டு. முஸ்லிம்கள் மிகுந்திருந்த போஸ்னிய அரசுப் படையினரின் பொறுப்பில் இருந்த செலெபிச்சி முகாமில் செர்பியக் கைதிகள் கொடுமைப்படுத்தப்பட்டனர். அதற்காகப் பன்னாட்டு நீதிமன்றம் 1998 இல் தண்டனை விதித்தது. மறுபுறம், முற்றுகையின்போது சரயேவோவைக் காத்து நின்ற தளபதிகளுள் ஒருவரான யோவான் திவ்யாக் ஒரு செர்பியர். போரில் தந்தையை இழந்த பிள்ளைகளின் கல்விக்காக 1994 இல் அமைப்பொன்றை நிறுவி, 2021 இல் மறையும் வரை அதற்காகவே அவர் உழைத்தார். இவ்விரண்டையும் சேர்த்துச் சொல்லாவிடில் நாம் வரலாற்றைப் பாதியாகச் சொன்னவர்கள் ஆவோம்.

1995 நவம்பரில் அமெரிக்காவின் டேட்டன் நகரில் உடன்பாடு எட்டப்பட்டு, டிசம்பர் 14 அன்று பாரிஸில் கையொப்பமானது. துப்பாக்கிகள் ஓய்ந்தன. ஆனால் அதற்குப் பின்னர்தான் கடினமான வேலை துவங்கியது.

முதலாவது அமானிதம்: கல்

மறுசீரமைப்பு என்றவுடன் புதிய கட்டிடங்களே நம் நினைவுக்கு வருகின்றன. 1996 முதல் நான்காண்டுகளுக்கு 510 கோடி டாலர் மதிப்பிலான மறுசீரமைப்புத் திட்டத்தை உலக நாடுகள் வகுத்தன. சாலைகள், மின்கம்பிகள், நீர்க்குழாய்கள் எழுந்தன. ஆனால் போஸ்னியாவின் அனுபவத்தை ஆழ்ந்து நோக்கினால், மறுசீரமைப்பு என்பது அடிப்படையில் வேறொன்று என்பது புலனாகும். பறிக்கப்பட்டதை உரியவரிடம் திருப்பி ஒப்படைப்பதே அது. நம் மொழியில் சொன்னால், அமானிதத்தை நிறைவேற்றுவது.

மோஸ்டார் நகரில் நெரெத்வா ஆற்றின் மேல் 1566 இல் கட்டி முடிக்கப்பட்ட கல் பாலம் ஒன்று இருந்தது. கட்டடக் கலைஞர் சினானின் மாணவர் ஹைருத்தீன் கட்டியது அது. 427 ஆண்டுகள் நின்ற அப்பாலத்தைக் குரோவேஷியப் படையின் பீரங்கிக் குண்டுகள் 1993 நவம்பர் 9 அன்று வீழ்த்தின. போருக்குப் பின் ஹங்கேரி ராணுவத்தின் முக்குளிப்பு வீரர்கள் ஆற்றின் அடியிலிருந்து பழைய கற்களை மேலே எடுத்தனர். அவற்றைப் பெரும்பாலும் மீண்டும் பயன்படுத்த இயலவில்லை. எனவே அதே வகைக் கல்லை வெட்டிச் செதுக்கி, பழைய முறையிலேயே வளைவு எழுப்பினர். 2004 ஜூலை 23 அன்று பாலம் மீண்டும் திறக்கப்பட்டது.

பஞ்சா லூக்கா நகரின் ஃபெர்ஹாதியா பள்ளிவாசல் 1579 இல் எழுந்தது. அந்நகரில் போர்முனை இருந்ததே இல்லை. ஆயினும் 1993 மே 7 அன்று அப்பள்ளிவாசல் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது; நகரின் ஏனைய பள்ளிவாசல்களும் தகர்க்கப்பட்டன. இடிபாடுகள் குப்பைமேட்டில் கொட்டப்பட்டன. போர் முடிந்து ஐந்தாண்டுகளுக்கு மேல் சென்ற பின், 2001 மே 7 அன்று அடிக்கல் நாட்டச் சென்றவர்களை வன்முறைக் கும்பல் தாக்கியது. முதியவர் ஒருவர் உயிரிழந்தார். ஜமாஅத்தார் பழிக்குப் பழி நாடவில்லை, பின்வாங்கவும் இல்லை. அடுத்த மாதமே காவல்துறையின் பலத்த பாதுகாப்பில் அடிக்கல் நாட்டினர். குப்பைமேட்டிலிருந்து கற்துண்டுகளைத் தேடி எடுத்து, ஒவ்வொன்றும் எவ்விடத்தில் இருந்தது என்று ஆராய்ந்து, மீண்டும் அதனதன் இடத்தில் பொருத்தினர். 2016 மே 7 அன்று பள்ளிவாசல் திறக்கப்பட்டது. இடிக்கப்பட்ட அதே தேதி. இடையில் சென்றவை 23 ஆண்டுகள்.

இரண்டாவது அமானிதம்: வீடு

போரின்போது விரட்டப்பட்டோரின் வீடுகளில் வேறு ஊர்களிலிருந்து விரட்டப்பட்டோர் குடியமர்த்தப்பட்டனர். ஒருவர் வீட்டில் மற்றொருவர். அவர் வீட்டில் வேறொருவர். ஒவ்வொருவரும் அகதி, ஒவ்வொருவரும் பிறர் வீட்டில் இருப்பவர். இந்தச் சிக்கலை எவ்வாறு அவிழ்ப்பது?

அவரவர் தம் பழைய வீட்டிற்குத் திரும்பும் உரிமையை டேட்டன் உடன்பாடு தனி இணைப்பாகவே எழுதி வைத்தது. ஆனால் ஊர் எல்லையைக் கடக்கவே மக்கள் அஞ்சினர். வண்டியின் எண் பலகையைப் பார்த்தாலே அவர் எந்தத் தரப்பினர் என்று தெரிந்துவிடும். எனவே 1998 இல் புதிய எண் பலகைகள் வந்தன. இலத்தீன், சிரிலிக் ஆகிய இரு எழுத்து முறைகளுக்கும் பொதுவான எழுத்துக்கள் மட்டுமே அவற்றில் இடம்பெற்றன. வண்டி எந்த ஊரைச் சேர்ந்தது என்பதற்கு அடையாளமே இல்லை. ஒரு தகரப் பலகை செய்த மாற்றம் சிறிதன்று. மக்கள் துணிந்து பயணம் செய்யத் துவங்கினர்.

அடுத்து 1999 இல் சொத்துச் சட்டங்கள் நாடெங்கும் ஒருமுகப்படுத்தப்பட்டன. வீட்டைத் திருப்பித் தர மறுத்துத் தடை செய்த அதிகாரிகள் பதவி நீக்கம் செய்யப்பட்டனர். பத்திரம் எரிந்து போனவர்களுக்காகப் பழைய நிலப் பதிவேடுகள் தேடி ஒப்பிடப்பட்டன. வந்து குவிந்த மனுக்கள் இரண்டு இலட்சத்திற்கும் மேல். 2004 வாக்கில் அவற்றில் பத்தில் ஒன்பது பங்கிற்கும் மேல் தீர்க்கப்பட்டன. சிதறியோரில் 10 இலட்சம் பேர் திரும்பிவிட்டனர் என்று அவ்வாண்டில் ஐ.நா. அகதிகள் ஆணையம் அறிவித்தது. வீட்டைத் திரும்பப் பெற்ற பலர் அதனை விற்றுவிட்டு, தம்மவர் மிகுந்த ஊருக்கே சென்றதும் உண்மைதான். ஆயினும் பறித்தவர் கையில் அது நிலைக்கவில்லை.

மூன்றாவது அமானிதம்: இறந்தோர்

சகோதரர்களே, மையித்தை முறையாக அடக்கம் செய்வது உயிரோடிருப்போர் மீதான கடமை. போஸ்னியாவில் காணாமற் போனோர் 30,000க்கும் மேற்பட்டோர். ஸ்ரெப்ரெனிட்சாவில் குற்றத்தை மறைப்பதற்காகப் புதைகுழிகளை இயந்திரங்களால் தோண்டி, உடல்களை வேறு குழிகளுக்கு மாற்றினர். அதனால் ஒருவரின் எலும்புகளே பல இடங்களில் சிதறிக் கிடந்தன.

1996 இல் அமைக்கப்பட்ட காணாமற் போனோருக்கான பன்னாட்டு ஆணையம், உறவினர்களின் இரத்தத் துளிகளைப் பெற்று, எலும்புகளின் மரபணுவோடு ஒப்பிட்டது. காணாமற் போனோரில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் இவ்வாறு தேடிக் கண்டறியப்பட்டுள்ளனர். 2003 முதல் பொதோச்சாரி அடக்கத்தலத்தில், ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 11 அன்று, புதிதாக அடையாளம் காணப்பட்டோர் பச்சைத் துணி போர்த்திய சந்தூக்குகளில் நல்லடக்கம் செய்யப்படுகின்றனர். மகனின் ஓர் எலும்பு மட்டும் கிடைத்த நிலையில், இப்போதே அடக்குவதா, எஞ்சியதும் கிடைக்கும் வரை காத்திருப்பதா என்று தவித்த தாய்மார்கள் உண்டு. அத்தாய்மார்களின் கேள்விக்கு முன்னால் நம் சொற்கள் அனைத்தும் சிறியவை.

நீதியும் தாமதமாகவேனும் வந்தது. ஹேக் நகரின் பன்னாட்டு நீதிமன்றம் 161 பேர் மீது குற்றம் சாட்டியது. கராஜிச்சுக்கு 2019 இலும், தளபதி மிலாதிச்சுக்கு 2021 இலும் ஆயுள் தண்டனை இறுதியானது.

இன்னும் ஒப்படைக்கப்படாதது

இத்தனைக்குப் பின்னும் போஸ்னியா முழுமையாக எழுந்துவிட்டதா? இல்லை என்றே சொல்ல வேண்டும். போரை நிறுத்திய அதே உடன்பாடு, நாட்டை இரு நிர்வாகப் பகுதிகளாகப் பிரித்து, ஆட்சிப் பதவிகளை இனவாரியாகப் பங்கிட்டது. மூன்று இனத்திற்கும் ஒருவர் வீதம் மூவர் அதிபர் குழுவில் அமர்கின்றனர். இனத்தின் பெயரால் வாக்குக் கேட்பவருக்கே அதனால் ஆதாயம். பாலம் மீண்ட மோஸ்டாரில் 2008 க்குப் பின் பன்னிரண்டு ஆண்டுகள் நகராட்சித் தேர்தலே நடைபெறவில்லை. 2020 டிசம்பரில்தான் நடந்தது. ஒரே கட்டிடத்தில் இரு பள்ளிகள் இயங்கி, முஸ்லிம் பிள்ளைகளும் குரோவேஷியப் பிள்ளைகளும் வெவ்வேறு பாடத்திட்டத்தில் பயிலும் ஊர்கள் உள்ளன. 2013 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மக்கள் தொகை 35 இலட்சமாகக் குறைந்திருந்தது. போரில் பிழைத்த குடும்பங்களின் பிள்ளைகள் வேலை தேடி ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவிற்கும் செல்கின்றனர்.

கல்லை ஒப்படைத்தனர், வீட்டை ஒப்படைத்தனர், இறந்தோரை ஒப்படைத்தனர். ஆனால் வளரும் பிள்ளைகளுக்கு அண்டை வீட்டாரை இன்னும் ஒப்படைக்கவில்லை. இதனைப் பெரியவர்களுக்கு உணர்த்தியவர்களும் பிள்ளைகளே. யாய்ட்சே எனும் சிற்றூரில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களை இனவாரியாகப் பிரிக்க அதிகாரிகள் முனைந்தபோது, இரு தரப்பு மாணவர்களும் ஒன்றாக வீதியில் இறங்கி எதிர்த்தனர். 2017 இல் அத்திட்டம் கைவிடப்பட்டது.

நமக்கான படிப்பினை

அன்பார்ந்தவர்களே! இவ்வரலாற்றிலிருந்து இரண்டு செய்திகளை நாம் எடுத்துச் செல்வோம்.

ஒன்று, பதிவேடு. வீட்டை இழந்தவருக்கு அதனை மீட்டுத் தந்தவற்றுள் முதன்மையானது பழைய நிலப் பதிவேடு. நம் ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேடும், மையித்துப் பதிவேடும், வக்ஃபுப் பத்திரங்களும் அலமாரியில் தூசு படியக் கிடப்பவை அல்ல. பின்வரும் தலைமுறைக்கு நாம் வைத்துச் செல்லும் அமானிதங்கள். அவற்றைச் சீராகப் பேணுவதும், படி எடுத்து வேறோரிடத்திலும் பாதுகாப்பதும் நம் கடமை.

மற்றொன்று, அண்டை வீட்டார். போஸ்னியாவில் நூற்றாண்டுகளாகக் கட்டிய உறவு சில மாதப் பிரச்சாரத்தில் இடிந்தது. இடிந்ததை எழுப்ப முப்பது ஆண்டுகள் போதவில்லை. நல்லுறவு நிலவும் காலத்திலேயே அதற்கு உழைக்க வேண்டும். நம் தெருவின் எல்லை தாண்டி வாழ்வோரின் திருமணத்திற்கும் துக்கத்திற்கும் நாம் செல்வதும், நம் இல்ல நிகழ்ச்சிகளுக்கு அவர்கள் வருவதும் வெறும் மரியாதை அல்ல. பிறரைப் பற்றி நம்மிடம் வந்து சேரும் வதந்தியை ஆராயாமல் மற்றவருக்குக் கடத்தாதிருப்பதும் அவ்வுழைப்பின் ஒரு பகுதியே.

குப்பைமேட்டில் குனிந்து தம் பள்ளிவாசலின் கற்களைப் பொறுக்கிய அந்த ஜெமாத்தாரின் பொறுமையை நமக்கும், காத்திருக்கும் தாய்மார்களுக்கு ஆறுதலையும் இறைவன் அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.