ஒரு தாள் படிப்பவருக்கு யார் பணம் தருவது?

(மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



அம்பேத்கர் வாங்கிய பட்டங்களைப் பத்தி மேடைக்கு மேடை பேசுறோம். அவர் படிப்பு நடுவில் அறுந்துபோனதைப் பேசுறதில்லை. 1913இல் பரோடா மன்னர் கொடுத்த உதவித்தொகையில் அமெரிக்கா போனார். அங்கிருந்து லண்டன். 1917இல் உதவித்தொகைக் காலம் முடிந்தது. படிப்பைப் பாதியில் போட்டுவிட்டு ஊர் திரும்பினார். வேலை பார்த்துச் சேர்த்த காசு, கோலாப்பூர் சாகு மகாராஜா செய்த உதவி, இவற்றோடு 1920இல் மறுபடி லண்டன் போய், 1923இல் டி.எஸ்ஸி. பட்டம் வாங்கினார். காசு தீர்ந்தால் படிப்பும் நின்றுபோகும் என்பதை அனுபவித்தவர் அவர்.

நம்ம ஆட்கள் பலருக்கும் இன்னிக்கும் இதுதான் கதை. செருப்புக் கம்பெனிக்குப் போகிற ஒரு பெண்ணை நினைச்சுப் பாருங்க. காலையில போனா இருட்டித்தான் வீடு. தொலைநிலைக் கல்வியில் பட்டப்படிப்பு படிக்க ஆசை. வருஷத்துக்கு இத்தனை தாள் என்று பாடத்திட்டம் சொல்கிறது. அவளால் முடிவதோ ஒரு தாள். அந்த ஒரு தாளுக்குப் பணம் யார் தருவது?

நமக்கென்று இருப்பது போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப். வெள்ளைக்காரன் காலத்தில், வைஸ்ராயின் நிர்வாக சபையில் அம்பேத்கர் உறுப்பினராக இருந்தபோது, 1944இல் தொடங்கியது. இன்று குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஒன்றிய அரசு 60 பங்கு, மாநிலம் 40 பங்கு போடுகின்றன. தொலைநிலைப் படிப்புக்கும் இது உண்டு. ‘தபால்ல படிக்கிறவங்களுக்கு இல்ல’ என்று எந்த அலுவலகத்திலாவது சொன்னால், எந்த அரசாணையில் அப்படி இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள்.

ஆனால் சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. இந்தத் திட்டம் ஆளை அளப்பது கோர்ஸை வைத்து, கல்வியாண்டை வைத்து. தாளை வைத்து அல்ல. முழுக் கோர்ஸில் சேர்ந்தவன் கணக்கில் வருவான். ஒரே ஒரு தாளை எடுத்துப் படிக்கிறவளுக்கு அந்தப் படிவத்தில் கட்டமே கிடையாது.

பல்கலைக்கழகம் இப்போது வேறு கணக்குப் போடுகிறது. 2021இல் பல்கலைக்கழக மானியக் குழு ‘கிரெடிட் வங்கி’ கொண்டுவந்தது. ஒவ்வொரு தாளாகப் படித்து, மதிப்பைச் சேர்த்து வை. ஏழு வருஷம் வரை அது செல்லும் என்றது. படிப்பைச் சில்லறையாகச் சேர்க்கலாம் என்று ஒரு கை எழுதுகிறது. பணத்தை மொத்தமாகப் படிக்கிறவனுக்குத்தான் தருவேன் என்று இன்னொரு கை நிற்கிறது. ரெண்டு கையும் ஒரே சர்க்காருடையதுதானே?

இது நடக்காத காரியம் என்பார்கள். ஸ்காட்லாந்தில் நடக்கிறது. அங்கே முழுநேர ஆண்டு என்பது 120 கிரெடிட். அதில் கால்வாசி, 30 கிரெடிட் மட்டும் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் படித்தாலும், வருமானம் குறைந்தவருக்கு அரசு கட்டணம் கட்டுகிறது. திருப்பித் தர வேண்டாத மானியம் அது. இன்னொன்றையும் கவனிக்கணும். அங்கே பார்ப்பது படிப்பவரின் சொந்த வருமானத்தை. அப்பன், புருஷன் வருமானத்தை அல்ல.

அரைநாள் கூலியை விட்டால்தான் ஒரு தாள் எழுத முடியும் என்று இருப்பவர்களுக்கு, முழுநேரம் படி, அப்புறம் உதவுகிறேன் என்பது உதவி இல்லை. வசதி உள்ளவனின் நேரத்தை வைத்து நம்மை அளக்கிற அளவுகோல் அது.

ஆகவே நம் கோரிக்கை எளிது. எத்தனை கிரெடிட் படிக்கிறோமோ அத்தனைக்குக் கட்டணமும் புத்தகப் பணமும் கொடு. ஒரு தாள் என்றால் ஒரு தாளுக்கு. வேலை செய்கிறவரின் சொந்த வருமானத்தைப் பார்.

கோரிக்கை நிறைவேறும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. உங்கள் தெருவில் படிப்பை விட்டவர்களின் பட்டியல் எடுங்கள். எந்தத் தாளோடு நின்றது, எவ்வளவு பணத்துக்காக நின்றது என்று எழுதுங்கள். கட்டிய கட்டணத்துக்கெல்லாம் ரசீது வாங்கி வையுங்கள். அந்தப் பட்டியலோடு ஆதிதிராவிடர் நலத்துறை அலுவலகத்துக்குக் கூட்டமாகப் போவோம்.

ஒரு தாளில் நின்றுபோன படிப்பு ஒரு தாளில்தான் மறுபடி தொடங்கும்.

ஜெய்பீம்.